உப்பளத்து வரப்பு

நாகலாபுரம்,
மே 14.

அன்பு மகன் பிரின்ஸ்டனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், நீ கனடாவில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க தினமும் ஜெபம் பண்ணுகிறேன். உடம்புக்குச் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறேன், அதற்கு மேல் சொல்ல என்னிடம் நல்ல சேதி இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிச் சொல்ல.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு உன்னால் வர முடியவில்லை என்று வேம்பார் பக்கத்தில் கடலோரக் கிராமத்தில் மூன்று நாளைக்கு கெஸ்ட் ஹவுஸில் ரூம் போட்டுக் கொடுத்தாய். போட்டோ கேட்டாயே, முதல் நாள் எடுத்ததை மட்டும்தான் அனுப்பினேன். ஏசியும் மெத்தையும் நன்றாகத்தான் இருந்தன. உங்கப்பா மெத்தையை விட்டுவிட்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்தார், குழாயைத் திறந்தால் தண்ணீர் வீணாகிறது என்று என்னை வைதார், நம்ம ஊர் மனுஷன் வேறெப்படி இருப்பார் என்று நானும் சிரித்தேன். இரண்டாம் நாள் காலையில் கண் விழித்தால் ஆளைக் காணோம். கெஸ்ட் ஹவுஸ் காவல்காரர் பூவனலிங்கம் ரோட்டுப் பக்கம் தேடிப் போக, நான் கடல் பக்கம் ஓடினேன். என்ன நினைத்து ஓடினேன் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

அவர் கடலுக்குப் போகவே இல்லை. கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் உப்பளம், பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிற்கும். அதில் இறங்கி, அங்கே கிடந்த மண்வெட்டியால் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று பாத்தி வடிந்தே போய்விட்டது. என்னைப் பார்த்ததும், ஏட்டி, மொளகா பூராம் முங்கிக் கெடக்கு, நீ அங்கன நின்னு வேடிக்க பாக்கியா என்று சத்தம் போட்டார். ஐப்பசி மழையில் நம்ம கரிசல் மிளகாய்க் காட்டில் தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடும் என்று விடியுமுன்னே போய் வரப்பை வெட்டிவிடுவாரே, அதைத்தான் இந்தக் கோடையில் யாரோ பாடுபட்டு விளையவைத்த உப்பில் செய்துகொண்டிருந்தார். அங்கே வேலை செய்கிற வெயிலம்மாள் ஓடி வந்து, வெளைஞ்ச உப்புல்லா, இப்படி மண்ணாக்கிட்டீயளே என்று கத்தினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், குரல் இறங்கிவிட்டது. போதும் அண்ணாச்சி, வெள்ளம் வடிஞ்சிட்டு, மொளகா பொழைச்சிக்கிடும், மேல ஏறுங்க என்று கையைப் பிடித்துக் கரையேற்றி, தான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் அவர் காலைக் கழுவிவிட்டாள். காலெல்லாம் உப்பு கீறி ரத்தம், அந்த எரிச்சல்கூட அவருக்குத் தெரியவில்லை. அவளிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். முதலாளியிடம் என்ன பேச்சு வாங்கினாளோ. அன்றைக்கே ஊருக்குப் புறப்பட்டுவிட்டோம்.

ஒரு வருஷமாகவே இப்படித்தான் பிரின்ஸ்டன். முதலில் கோயிலில் பாடுகிற பாட்டு மறந்தது, அப்புறம் கடைக்குப் போய்த் திரும்புகிற வழி மறந்தது. நீ கேட்டபோதெல்லாம் நல்லாத்தான் இருக்கார் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், கேள்விப்பட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்ற பயம்தான். கோவில்பட்டி டாக்டர் இது சரியாகிற வியாதி இல்லை, போகப் போக ஆட்களையும் மறந்துவிடுவார் என்று சொல்லிவிட்டார். மறைத்தது என் தப்பு. உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. கடலைப் பார்க்கவா அவர் கேட்டார், உன்னைப் பார்க்கத்தானே கேட்டார்.

ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து அப்பா தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறார். காலேஜ் விட்டு நீ வந்து இறங்குவாயே, நாலரை மணி பஸ், அதற்குத்தான். எம் மவன் இதுல வரலியா என்று கண்டக்டரிடம் கேட்கிறார். பஸ் போன பிறகுதான் அவரை வீட்டுக்குக் கூட்டி வர முடிகிறது. அவர் தேடுவது பதினெட்டு வயசுப் பையனை, உன்னைப் பார்த்து யாரென்று கேட்டாலும் முகம் வாடாதே.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக. லீவு சொல்லிவிட்டுச் சீக்கிரம் வா. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கார் பிடித்து வீட்டு வாசலில் வந்து இறங்காதே. கோவில்பட்டியிலிருந்து அந்த நாலரை மணி பஸ்ஸிலேயே வா. அப்பா நிற்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
நேசம்மாள்