பூஜையில் வைத்த ஆராய்ச்சி

அன்புள்ள அன்னக்கொடிக்கு, மதுரையிலிருந்து உன் கருத்தக்கண்ணன் எழுதுவது. காலேஜ் பியூன் வேலையும் உடம்பும் நலம். மூணாறு குளிரில் உன் மூட்டுவலியும் என்மேல் உள்ள கோபமும் குறைந்ததா?

ஒரு கூத்தைக் கேள். சீமையில் கிறிஸ்தவ வாத்தியார்கள் சில பேர் வாராவாரம் கூடி, பேசும் மிருகம், பூதம் என்று தாங்கள் எழுதிய கதைகளை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்களாம். யார் கதையில் யார் சாயல் இருக்கிறது என்று எங்கள் காலேஜ் ஸ்யாமளா டீச்சர் நாலு வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி எழுதினார். நேற்று ஆபீஸில் சரஸ்வதி பூஜை. மேஜையில் கிடந்த அந்த ஆராய்ச்சிக் கட்டுக்கும் நல்லதுக்குத்தானே என்று பொட்டு வைத்து, சாமி படத்தடியில் வைத்துவிட்டேன். சூடம் காட்டி முடிந்ததும் டீச்சர் ஓடி வந்தார்.

"அண்ணே, அதை இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள யுனிவர்சிட்டியில குடுக்கணும். இல்லைன்னா அம்புட்டும் போச்சு!"

"பூஜையில வச்சதை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாதும்மா. கதையில வர்ற பூதத்தைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்க."

டீச்சர் சிரிக்கவில்லை, அழுதுவிட்டார். சாமியிடம் மன்னிப்புக் கேட்டு நானே உருவிக் கொடுத்தேன். பொட்டோடவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

பூஜையில் வைத்ததை எடுத்த பாவம் வந்தாலும் எனக்கு ஒன்றும் பயமில்லை. ஆனால் அங்கே உன்னோடு இருக்கும் நம் மகள் சின்னத்தாய்க்கு நிறைமாசம். கோயிலில் ஒரு தேங்காய் உடைத்து, கை வைத்தது அப்பன்தான், பிள்ளை இல்லை என்று சாமியிடம் எடுத்துச் சொல். பிரசவமானதும் தந்தி கொடு. மூணாறு பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஹாரன் அடிக்கிறார்.

மறக்காமல் சொல்லு, அன்னம்.