அறிக்கை வந்தது, முத்து வந்தான்

6 ஜனவரி 1958, திங்கள்

காலையிலிருந்து தூறல். தம்பி முத்துவின் பாயைக் காயப்போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். எப்போது வருவான் என்று தெரியாமலே.

பள்ளி முடிந்து சமூகநல அலுவலகம். அதே பதில். முத்து இருக்கும் காப்பகத்தைப் பற்றிய விசாரணையின் அறிக்கை வெளிவரும் வரை அங்கிருக்கும் யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாதாம். விசாரணை, போன ஆகஸ்டில் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. நானும் சாட்சி சொன்னேன்: முதல் மணிக்குச் சோறு, இரண்டாம் மணி அடித்தால் தட்டைப் பிடுங்கிவிடுகிறார்கள், மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள் அரைப்பட்டினி என்று. அதன்பின் ஒரு தகவலும் இல்லை. இன்று அங்கே எழுத்துவேலை பார்க்கும் கிராணி இராஜு சொன்னது:

“கையெழுத்துப் போடவேண்டிய தொரை கப்பல் ஏறிட்டாரு டீச்சர். அறிக்கையும் பின்னாலேயே சீமைக்குப் போயிருக்கு.”

“நீந்தியா போயிருக்கு?”

“அப்படித்தான் தெரியுது லா.”

சிரித்துவிட்டேன். வெளியே வந்தபின் ஏறாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

8 புதன்

வாங்க: மண்ணெண்ணெய், வெல்லம், மு.வுக்கு உடுத்த இரண்டு சாரோங். (வாங்கலாமா?)

தம்பிக்கு வயது முப்பத்தைந்து, மனது ஐந்து வயதுப் பிள்ளையுடையது. அம்மா போனபின் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்தான் அங்கே போனான். இப்போது பக்கத்து வீட்டு லெட்சுமி பீபி இருக்கிறார். செட்டி வீட்டு அம்மாள்; பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தமிழை மறந்த இந்துக் குடும்பம், பீபி என்பது அவர்கள் வழக்கில் மரியாதைச் சொல். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். “என் வீட்டில் சும்மாதானே உட்கார்ந்திருக்கப்போகிறான்” என்று எப்போதோ சொல்லிவிட்டார். எல்லாம் தயார், அறிக்கையைத் தவிர.

தலைவலி. கட்டுரை நோட்டுகள் திருத்தவில்லை.

10 வெள்ளி

வந்துவிட்டது. இராஜு பள்ளி வாசலுக்கே வந்தார், சட்டையெல்லாம் வியர்வை.

“சீமையிலேருந்து நீந்தி வந்துருச்சு டீச்சர். நீங்களே படிங்க.”

மரத்தடியில் நின்றபடியே படித்தேன். மணிச் சங்கதிக்கு ஒரே ஒரு வரி: உணவு வழங்கும் முறை திருத்தத்துக்குரியது. அவ்வளவுதான். கோபத்தில் தாளைக் கிழித்துவிடப் பார்த்தேன். அடுத்த பக்கத்தில், மேற்பார்வையாளரை நீக்கவேண்டும், உறவினர் கேட்டால் அங்கிருப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கலாம். அப்புறம் கோபப்படலாம் என்று மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சாரோங் வாங்கியாயிற்று. நீலம், பச்சை.

11 சனி

வெயில். மு. வீட்டில்! மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் வழியெல்லாம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தான். மெலிந்திருக்கிறான். காது மட்டும் பழையபடி பெரிது.

சாப்பாட்டில் தட்டைச் சுற்றி இரண்டு கையாலும் வேலி. மெல்லாமல் விழுங்குகிறான்.

“அக்கா, மணி அடிச்சிருச்சா?”

“இங்க மணியே கிடையாதுடா.”

நம்பவில்லை.

13 திங்கள், போகி

பீபி வீட்டில் இன்று பார்ச்சு, மறைந்த பெரியவர்களுக்குப் படையல். எங்களையும் அழைத்திருந்தார். வரிசையாக வாழை இலை, தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, மிளகாய்ச் சம்பல், பலகாரம். பூசை மணி அடித்ததும் வீட்டார் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். பெரியவர்கள் வந்து சாப்பிடும் நேரம் அது. வாசலில் நின்று பார்க்கிறேன், மு.வைக் காணோம்.

கதவைத் திறந்தால், முதல் இலையின் முன் உட்கார்ந்திருக்கிறான். பீபியின் மறைந்த மாமியாருக்குப் போட்ட இலை. கையால் வேலி கட்டி, விழுங்கிக்கொண்டு. அவனுக்கு மணி என்றால் சோறுதானே!

“அலாமாக்!” என்று பதறினார் பீபியின் கணவர். எனக்கு அப்படியே மறைந்துபோகலாம் போல் இருந்தது.

“பியார்லா, பியார்,” ‘விடு, விடு’ என்று அவரைத் தடுத்துவிட்டு உள்ளே போனார் பீபி. பிறகு கணவரிடம் மலாயில் சொன்னது: “உங்கம்மா உயிரோடு இருந்தவரைக்கும் நான் அவளுக்குப் பிறகுதான் சாப்பிட்டேன். இன்றைக்கு ஒருநாள் அவள் காத்திருக்கட்டும்.”

கணவர் உட்பட எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர்.

மு. சிரிக்கவில்லை. இரண்டாம் முறை அடிக்குமோ என்று பூசை மணியையே பார்த்துக்கொண்டிருந்தான், வாய் நிறையச் சோற்றோடு. பீபி கவனித்திருக்கவேண்டும். மணியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் அடிக்கவில்லை. தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் நன்றாக அழுந்த உட்கார்ந்துகொண்டான்.

பிறகு மென்று சாப்பிட்டான். மெதுவாக. நாங்கள் எல்லோரும் வாசலில் காத்திருந்தோம்.