பாலம் ஏறும்போது ஏசியை அணைத்த கை

என்னங்க,

இன்று காலை உங்கள் காரைத் துடைத்தேன். பழைய வண்டியைக் கொண்டு வாருங்கள், விலை போட்டு எடுத்துக்கொள்கிறோம் என்று விழுப்புரத்து ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். சீட்டுக்கு அடியில் கை விட்டால் ஒரு பிடி மல்லாட்டைத் தோல். மண்டியில் வேலை முடிந்து கிளம்பும்போது சட்டைப்பையை ரொப்பிக்கொண்டு வந்து, ஓட்டிக்கொண்டே கொறித்து, தோலைக் காலடியிலேயே போடுவீர்கள். அதற்கு எத்தனை நாள் கத்தியிருப்பேன்! இன்றைக்கு அதை வீச மனசு வரவில்லை. அந்த வறுத்த வேர்க்கடலை வாசனை இன்னும் லேசாக இருந்தது.

பிறகு முன்பக்கம் துடைத்தபோது ஏசி பொத்தானைப் பார்த்தேன். மற்ற பொத்தானில் எல்லாம் படம் அப்படியே இருக்கிறது. இதில் மட்டும் தேய்ந்து, வழுவழு என்று வெறும் பிளாஸ்டிக். என் விரல் தேய்த்தது அது.

குட்டி இஞ்சின் வண்டி. ஏசி போட்டால் பாலம் ஏற மூச்சு வாங்கும், முன்னால் போகும் வண்டியைத் தாண்டவும் இழுவை பத்தாது. அதனால் நீங்கள் "அமுத்து!" என்றதும் நான் அணைக்க வேண்டும், தாண்டியதும் திரும்பப் போட வேண்டும். கல்யாணத்தில் கூட இவ்வளவு பொறுப்பாக நான் எதையும் செய்யவில்லை. ஒரு தடவை செஞ்சி ரோட்டில், உங்களுக்குத்தான் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் கரும்பு டிராக்டரைத் தாண்டப் போனதைக் கவனிக்கவில்லை. வண்டி டிராக்டர் பக்கத்திலேயே நின்றாற்போல ஆகிவிட்டது. எதிரில் பஸ். சட்டென்று பிரேக் போட்டுப் பின்வாங்கி ஓரம் கட்டினீர்கள். நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தீர்கள். "இந்த வண்டியோட பாதி பவரு உன் வெரல்லதான்டி இருக்குது. அத்தப் போயி மல்லாட்டைக்கு வச்சிட்ட."

"பவரு இருக்கிற வண்டிய வாங்குனா என் வெரலு எதுக்கு?" என்று கேட்டேன்.

"இது கேப்பைக் கூழு குடிச்சிக்கினு நாள் பூரா ஒழைக்கிற வண்டி. அது பிரியாணி கேக்கும். அவசரப்படாதவனுக்கு எதுக்கு பவரு?"

"அவசரம் சொல்லிட்டா வரும்?"

நம் வீட்டில் இந்தச் சண்டை முடிந்ததே இல்லை. பக்கத்து வீட்டுக் கார் மாறும்போதெல்லாம் புதிதாக ஆரம்பிக்கும்.

அவசரமும் சொல்லாமல்தான் வந்தது. செஞ்சி பக்கம் வல்லத்தில் என் அண்ணன் வீட்டு விசேஷம். நிறைமாதமாக இருந்த நம் பெண்ணுக்குப் பந்தியிலேயே வலி எடுத்துவிட்டது. என் அண்ணியும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஐந்து பேர் ஏறி, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கத்திரி வெயில், ஏசியே போடவில்லை. திண்டிவனம் பாலத்தில் வண்டி முக்கியது. நீங்கள் பழக்கத்தில் "அமுத்து!" என்றீர்கள். அமுத்த ஒன்றும் மிச்சமில்லைங்க. கியரைக் குறைத்து, "ஏறுடா கண்ணு, ஏறுடா" என்று நீங்கள் வண்டியைக் கெஞ்சியதை அன்றைக்குத்தான் கேட்டேன். ஏறிவிட்டது. பேத்தியும் நல்லபடியாகப் பிறந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "அடுத்த வண்டி உன் இஷ்டம்."

அடுத்த வண்டி வாங்குவதற்குள் நெஞ்சுவலி என்று படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது ஆபீஸில் என்னை விழுப்புரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் படியேற இந்த முட்டி ஒத்துழைப்பதில்லை. "வேலைய வுட்டுட்டு எங்ககூட வந்து இரும்மா" என்று நம் பெண் பிடிவாதம் பிடித்தாள். உட்கார்ந்து சாப்பிட எனக்கு இன்னும் வயசாகவில்லை என்று சொல்லிவிட்டு, டிரைவிங் கிளாஸில் சேர்ந்தேன். லைசென்ஸும் வாங்கிவிட்டேன். சிரிக்காதீர்கள். ஆனால் உங்கள் வண்டிக்கு இனி தினமும் ஹைவேயில் ஓட வலு இல்லை. சரியான வண்டி அமைந்தால் வேலைக்குப் போவேன், அமையாவிட்டால் பெண் வீட்டு சோபா. நிலைமை அவ்வளவுதான்.

ஷோரூமில் இரண்டு வண்டி காட்டினார்கள். ஒன்று மைலேஜுக்குப் பேர் போனது, இன்னொன்று அதே அளவு, இஞ்சின் மட்டும் வலுவானது. விற்கிற தம்பியிடம் நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" பின்னால் நின்ற நம் பெண், "அப்பா வந்துட்டாரு" என்றாள். அடுத்த வண்டி என் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, என் வாயில் வந்து நீங்களே பேசினால் எப்படி?

முதல் வண்டியை ஹைவேயில் ஓட்டிப் பார்த்தேன். மேம்பாலம் ஏறும்போது பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். என் கை தானாகப் போய் ஏசியை அணைத்தது. "மேடம், இன்னா வெயிலு! ஏன் ஆஃப் பண்றீங்க?" என்றான் தம்பி. நம் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த லாரி கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. மகா பேஜாராகப் போய்விட்டது.

அடுத்தது வலுவான வண்டி. அதே மேம்பாலம். கை மறுபடி பொத்தானுக்குப் போனது. தொடுவதற்கு முன்னாலேயே வண்டி உச்சிக்கு வந்துவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஓரமாக நிறுத்தி அழுதேன். தம்பி பயந்துபோய், வண்டி பிடிக்கலைங்களா என்று கேட்டான். பாவம்.

திரும்பி வந்து நிறுத்தியதும் மீட்டரைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "இந்த வண்டியில இவ்ளோ மைலேஜு நான் பார்த்ததே இல்ல மேடம். பூ மாதிரி மிதிக்கிறீங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிளாஸில், "கொஞ்சம் மிதிங்கம்மா" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். இத்தனை வருஷம் இடது பக்கம் உட்கார்ந்து, இஞ்சின் கத்தாமல் நீங்கள் ஓட்டுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, என் காலுக்கு அது மட்டும்தான் தெரியும். "மைலேஜு வண்டியில இல்ல, காலுல இருக்குது" என்பீர்களே. கஞ்சனுக்கு ஒரு பேச்சு என்று அப்போது நினைத்தேன்.

வலுவான வண்டிக்கே பணம் கட்டிவிட்டேன். "வேலைக்கே போம்மா, நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று நம் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மல்லாட்டைத் தோலை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். புது வண்டியில் அதைப் போட மாட்டேன், நினைப்பே வேண்டாம். ஆனால் பாலம் வந்தால் கை பொத்தானுக்குப் போகும். போகட்டும், நான் தடுக்கப்போவதில்லை. கால் உங்களுடையதாகவே இருக்கட்டும். முதல் நாள் விழுப்புரம் போய்ச் சேர்ந்ததும் மீட்டரில் மைலேஜ் என்ன வந்ததென்று உங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.