கஸ்டர்டுக் களி

14-9-1982, புதுச்சத்திரம்

நான் வாத்தியாராக இருந்தபோது நான்காம் வகுப்பில் ராமாயி என்று ஒரு பெண் படித்தாள். ஒருநாள் கேட்டாள்: "சார், உங்களுக்குத் தெரியாதது ஏதாச்சும் இருக்குதுங்களா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். இன்றைக்குக் கேட்டால் பதில் உண்டு. ஒரே வீட்டில் இருக்கும் மருமகளிடம், "சாப்பிட்டாயா அம்மிணி" என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கம் இல்லை. மருமகள் காளியாத்தாள் வந்து இரண்டு வருடம். நான் வந்தால் அவள் உள்ளே போய்விடுவாள். அதுவே மரியாதை என்று நானும் இருந்துவிட்டேன். எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்து இப்போது ஒரு மாதம் ஆகிறது. மகன் வேலுசாமி பத்து நாள் இருந்துவிட்டு ரிக் வண்டியோடு பெல்லாரிப் பக்கம் போய்விட்டான். போர்வெல் போடுகிற வேலையில் அதற்கு மேல் லீவு கிடையாது. அவள் அழவில்லை. பேசவில்லை. என் மனைவி செல்லாயி வைக்கிற தட்டு வைத்தபடியே திரும்புகிறது.

16-9

நாமக்கல் டாக்டரம்மா காளியாத்தாளை எடை பார்த்தார். முப்பத்தெட்டு கிலோ. அடுத்த வியாழனுக்குள் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொன்னார். குழந்தையைப் பறிகொடுத்த அதே கட்டடம். திரும்பும் பஸ்ஸில் செல்லாயிதான் அழுதாள்.

17-9

மேட்டூரிலிருந்து சம்பந்தி கந்தன் வந்தார். அங்கே ஃபேக்டரியில் ஃபிட்டர். மகள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பஸ் ஏற்றிவிடப் போனபோதுதான் வாய் திறந்தார். தாயார் இறந்தபோது காளியாத்தாளுக்குப் பதினொரு வயதாம். கம்பெனி ஸ்டோரில் கஸ்டர்டு மாவு டப்பா கிடைக்கும். சம்பளத்தன்று ஒன்று வாங்கி வருவாராம். இவள் அதைப் பாலில் காய்ச்சித் தம்பிகள் இரண்டு பேருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பாளாம்.

"அம்மாவக் கேட்டுப் பசங்க அழுதா அதத்தானுங்க காய்ச்சுவா. வேறென்ன தெரியும் அவளுக்கு, அவளும் கொழந்தைதானுங்களே."

அவளுக்கு யார் காய்ச்சிக் கொடுத்தார்கள்? கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

18-9

நாமக்கல் கடைவீதி. கரீம் பாஷா மளிகையில் டப்பா தீர்ந்துவிட்டது. பேக்கரிக்காரர்களுக்குக் கொடுக்கிற மூட்டையிலிருந்து கால் கிலோ பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் தகராறு. செல்லாயி பிரித்துப் பார்த்து, முட்டை மாவு என்று முடிவு கட்டிவிட்டாள். மஞ்சளாக இருக்கிறதாம். இன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை வேறு. இது மக்காச்சோள மாவு, முட்டையே கிடையாது என்று பாஷா சொன்னதைச் சொன்னேன். உதாரணமும் சொன்னேன்: கோழி சோளம் தின்றுதான் முட்டை போடுகிறது, அதற்காகச் சோளம் முட்டையாகிவிடுமா?

"முப்பத்தாறு வருசம் பள்ளிக்கூடத்துல சொன்னது பத்தலீங்களா? எதுவா இருந்தாலும் என்ற அடுப்புல ஏறக்கூடாதுங்க."

19-9

மாட்டுக்கொட்டகை ஓரமாக மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன்.

எனக்குத் தெரிந்த சமையல் ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்பு தனியாக இருந்து வேலை பார்த்த ஊரில் ராகிக் களி கிண்டுவேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், மாவைக் கொட்ட வேண்டும், துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். இங்கே தண்ணீருக்குப் பதில் பால். அவ்வளவுதானே?

பால் கொதித்தது. சர்க்கரை போட்டு, மாவைக் கொட்டிக் கிண்டினேன். கட்டி கட்டியாகத் திரண்டது. கிண்டக் கிண்டக் கட்டி கூடியது. ஒன்றை உடைத்தால் உள்ளே காய்ந்த மாவு அப்படியே இருக்கிறது. செல்லாயி எட்டிப் பார்த்து, எருமைக்கு வைக்கலாம் என்றாள்.

கொட்ட மனம் வரவில்லை. தட்டில் போட்டு உள்ளறை வாசற்படியில் வைத்தேன். வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். நின்றேன்.

"அம்மிணி, இது சரியா வல்ல. எங்க தப்புன்னு தெரியல. நீதான் சொல்லோணும்."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பினேன் —

"கொதிக்கற பால்லயே மாவக் கொட்டீட்டீங்களா மாமா?"

"ஆமா சாமி. களிக்கு அப்படித்தானே."

இருமுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. அது எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியாது. செல்லாயி ஓடி வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு மாதத்து அழுகை. நான் கொட்டகைக்குப் போய்ப் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் சுரண்டினேன்.

20-9

காலையில் காளியாத்தாள் தானாகவே கொட்டகைக்கு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆறிய பால் கொஞ்சம் கேட்டாள். அதில் மாவைக் கரைத்து என்னிடம் நீட்டினாள். கொதிக்கிற பாலில் ஊற்றினேன். ஒரு கட்டி இல்லை. அரை டம்ளர் குடித்தாள். செல்லாயி விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, முட்டை வாசம் இல்லைதான் என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

21-9

முக்கால் டம்ளர். மதியம் இரண்டு கை சோறு.

23-9

டாக்டரம்மா: சேர்க்க வேண்டியதில்லை.

9-10

வேலுசாமியின் கடிதம். எத்தனை அடி போர் இறங்கியது என்று மட்டும் எழுதுகிறவன். இந்தத் தடவை அடிக்கணக்கு இல்லை. காளியாத்தாள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாளாம். குழந்தையைப் பற்றி, பிறகு என் களியைப் பற்றி. "படிச்சுட்டு வண்டிக்குப் பின்னால போய் உக்காந்துட்டேங்கப்பா," என்று எழுதியிருக்கிறான். கடைசியில்: இங்கே ஸ்டவ் இருக்கிறது, பாலும் கிடைக்கிறது, அந்தக் கஸ்டர்டை எப்படிக் காய்ச்சுவது?

அவனுக்கும் ஒரு குழந்தை போயிற்று. எனக்கு ஏன் இதுவரை தோன்றவில்லை?

இன்றும் சனிக்கிழமைதான். கஸ்டர்டு செல்லாயியின் அடுப்பில் இருக்கிறது. சமையலறை வாசலில் நின்று காளியாத்தாளை நேராகவே கேட்டேன். கரண்டியை விடாமல் அவள் சொன்னதை அப்படியே கார்டில் எழுதினேன்:

மாவை முதலில் ஆறின பாலில் கரைத்துக்கொள். அதற்கப்புறம் கொதிக்கிற பாலில் ஊற்று. செய்து பார்.