மூன்று பிஸ்கட் டின்களும் ஒரு பைப்படியும்

2025 ஜூன் 10, செவ்வாய்

ஃபெர்ரியில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஆவணக் காப்பகத்தில் ஏசி மறுபடியும் மண்டையைப் போட்டுவிட்டது. சூடு பழைய காகிதங்களுக்கு ஆகாது என்று பெட்டிகளையெல்லாம் கீழ் அறைக்கு இறக்கினோம். எனக்கு ஆகுமா ஆகாதா என்று யாரும் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது முட்டிக்கு ஏது காப்பகம்?

டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க மாட்டார்களோ என்று போன வருடம் பயந்தேன். இந்த வருடம் நீட்டித்துவிடுவார்களோ என்று இருக்கிறது.

ஜூன் 17

இன்று ஒரு அம்மாள் மூன்று பிஸ்கட் டின்களோடு வந்தார். பெயர் மீனாட்சி, வயது எழுபத்தாறு, வீடு பாகான் டாலாமில். டின் நிறைய அவருடைய அப்பாவுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள். அப்பா பக்கிரிசாமி, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு காகிதத்தைக்கூட வீணாக்காமல் அடுக்கி, நூல் சுற்றி வைத்திருக்கிறார்.

மீனாட்சி அக்கா இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவர். தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் இத்தனை வருடமாக அந்த டின்களைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாரே தவிர, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

"எல்லாத்தையும் நீங்களே வச்சிக்குங்க, காமினி. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்லா. எங்கம்மா எந்த நாள்ல செத்தாங்க?"

அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா, தன் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குக் கப்பலேறிப் போனவர். திரும்பவில்லை. 'அம்மா வருவா, வருவா' என்றே அப்பா சொல்லிக்கொண்டிருந்தாராம். இவருக்குக் கல்யாணம் பேசும்போதுதான் 'அம்மா இல்லம்மா' என்று ஒரு வார்த்தை. எப்போது என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை.

"அப்பாவுக்குப் படைக்கிறேன், வீட்டுக்காரருக்குப் படைக்கிறேன். காலண்டர்ல எல்லாருக்கும் ஒரு நாள் இருக்கு. அம்மாவுக்கு மட்டும் இல்ல. நான் போறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் அவங்களுக்குன்னு இலை போடணும்."

சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன் - "தேடித் தர்றேன்க்கா" என்று. இந்த வாய் இருக்கிறதே.

காகிதம் கொடுப்பவர்களின் குரலை ஒரு அரை மணி நேரம் பதிவு செய்வது எங்கள் வழக்கம். கூச்சம் போக, எல்லாரிடமும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சின்ன வயசுல ஒரு சந்தோஷமான நாள் சொல்லுங்க." மீனாட்சி அக்கா யோசிக்கவே இல்லை. அப்பா, துறைமுகக் கூலிகளின் லயன் வீட்டு வரிசைப் பைப்படியில், அதாவது தண்ணீர்க் குழாயடியில், தன்னோடு தண்ணீரில் விளையாடிய நாளைச் சொன்னார். சொல்லும்போது முகம் எட்டு வயதுக்குப் போய் வந்தது.

ஜூன் 18

ஏசிக்காரன் வரவில்லை.

ஜூன் 30

முதல் டின் முடிந்தது. எல்லாக் கடிதமும் 'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் தொடங்குகிறது. மாடு கன்று போட்டது நலம். மழை இல்லாததும் நலம்தான் போல. கல்யாணக் கடிதங்களின் மூலையில் தடவிய மஞ்சள் இன்னும் போகவில்லை. அதைக் கறை என்று குறிக்கப் போன ரோஹானாவைத் தடுத்து விஷயத்தைச் சொன்னேன். எங்கள் தலைமை அதிகாரி அவள். கேட்டுக்கொள்வாள், நல்ல பெண்.

ஆனால் ஒரு சாவுச் செய்திகூட இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். சாவு சொல்லி வந்த காகிதத்தை வாசலிலேயே படித்து, படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவது நம் ஆட்கள் வழக்கம். வீட்டுக்குள் கொண்டுபோகவே மாட்டார்கள். பத்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எந்தக் குடும்பத்துப் பெட்டியைத் திறந்தாலும் யாருமே சாகவில்லை. எல்லாரும் நலமாக இருந்து, திடீரென்று கடிதத்தில் காணாமல் போகிறார்கள்.

இது தெரிந்தும் ஏன் தேடித் தருகிறேன் என்று சொன்னேன்?

ஜூலை 9

மூன்று டின்னும் முடிந்தது. மீனாட்சி அக்காவின் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. யாரையோ வைத்து எழுதியிருக்கிறார். கடைசியாக வந்தது 1957 ஆனி மாதம். 'மீனாவுக்குத் தலை வாரிவிடச் சொல்லவும், பக்கத்து வீட்டு அக்காளிடம் கேட்டுக்கொள்ளவும்.' அடுத்து ஐப்பசியில் மாமன்காரர் எழுதுகிறார். வழக்கம்போல எல்லாரையும் வரிசையாக விசாரிக்கிறார். அம்மாவின் பெயர் மட்டும் இல்லை. 'குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும்' என்று முடித்திருக்கிறார்.

ஆனிக்கும் ஐப்பசிக்கும் நடுவில். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். "கிடைச்சிச்சா?" இன்னும் பார்க்கிறேன் என்று மென்று விழுங்கினேன். தலை வாரிவிடச் சொன்ன வரியை மட்டும் படித்துக் காட்டினேன். "பக்கத்து வீட்டு அக்கா முடிய இழுத்து இழுத்து வாருவாங்க" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

நிபோங் தெபாலில் பழனியப்பன் மாமா தவறிவிட்டார். போய் வந்தேன். கால் வீங்கிக் கிடக்கிறது.

திரும்பும்போது கேட்டிலேயே மருமகள் தனுஜா வாளியோடு நின்றாள். "அத்தை, உள்ள போகாதீங்க. ஊத்திக்கிட்டு வாங்க." கார் நிறுத்தும் இடத்தில், கட்டிய புடவையோடு, தலைக்கு ஊற்றிக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சீனக் குழந்தை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மூன்று வயதுப் பெண். இரண்டாவது வாளிக்குக் கைதட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. பாட்டி விளையாடுகிறாள் என்று நினைத்திருக்கும். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவை எரித்துவிட்டு வந்து நின்றுகொண்டு -

வாளியை அப்படியே கீழே வைத்தேன்.

ஐயோ.

ஜூலை 21

காலையில் முதல் வேலையாக மீனாட்சி அக்காவின் குரல் பதிவைப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஸ்கூல் விட்டு வர்றேன். வேலை நாள், ஆனா அப்பா வீட்ல. பைப்படியில நிக்கிறாரு, சட்டை இல்ல, முழுக்க ஈரம். 'மீனா, உள்ள போகாத, இங்க வா'ன்னாரு. யூனிபார்மோட தலைக்கு ஊத்தினாரு! எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. அப்பா விளையாடவே மாட்டாரு, அன்னைக்கு மட்டும்தான். கையில ஸ்கூல்ல குடுத்த காயிதக் கொடி. மறுநாள் மெர்டேக்கா, லீவு. கொடிச் சாயம் இறங்கி வெள்ளை யூனிபார்ம் பூரா சிவப்பு. அதுக்கும் அவரு திட்டல."

உள்ளே போகாதே. தலைக்கு. துணியோடு. வேலை நாளில்.

அது விளையாட்டு இல்லை. தபால் வந்திருக்கிறது. வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டிருக்கிறார். தலை முழுகியிருக்கிறார். பெற்ற மகளும் முழுகியாக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே ஊற்றிவிட்டார்.

மெர்டேக்கா, நாடு சுதந்திரம் பெற்ற நாள், 1957 ஆகஸ்ட் 31. அதற்கு முதல் நாள் ஆகஸ்ட் 30. ஆவணி மாதம். ஆனிக்கும் ஐப்பசிக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஜூலை 24

ரோஹானாவிடம் சொன்னேன். "அவங்க நாள் கேட்டாங்க. உங்ககிட்ட நாள் இருக்கு. சொல்லிடுங்க அக்கா" என்றாள் மலாயில். சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஒரு நாளைக் கொடுக்க இன்னொரு நாளைப் பிடுங்க வேண்டுமே! அவரிடம் அப்பா விளையாடிய நாள் என்று இருப்பதே அது ஒன்றுதான்.

கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். பொய்கூட இல்லை. எந்தக் கடிதத்திலும் இல்லையே. அவர் தம் பாட்டுக்குப் பழைய நினைப்போடு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் இலை போட ஒரு நாள் வேண்டும் என்றாரே.

எனக்கு ஏன் இந்த வேலை? நான் காகிதத்தைப் படித்துக் குறிப்பு எழுதுகிறவள். அதற்குத்தான் சம்பளம்.

ஜூலை 30

சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கை மடியில் புடவையைப் பிசைந்துகொண்டே இருந்தது.

"தேதிதானே கேட்டேன்" என்றார். "தேதியத்தானே கேட்டேன், காமினி. இத யாரு உன்ன கேட்டா?"

பால் சேர்க்காத தே ஓ டீ கலந்து வைத்திருந்தார். குடி என்று சொல்லவில்லை, நானும் தொடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்தே குரல் வந்தது: "டின்னெல்லாம் திருப்பிக் குடுத்துடு."

ரொம்ப நல்ல காரியம் செய்தேன். எழுபத்தாறு வயது மனுஷியை அழவைத்துவிட்டு வந்து சோறு தின்றேன்.

ஆகஸ்ட் 4

டின்களைக் கட்டி மேசைக்கடியில் வைத்திருக்கிறேன். போன் வரவில்லை.

ஆகஸ்ட் 12

மத்தியானம் வந்தார். டின்களுக்குத்தான் வந்திருக்கிறார் என்று குனிந்து எடுக்கப் போனேன். "இருக்கட்டும், உட்காரு" என்றார். நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் இரண்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார். சாப்பாடு கொண்டுவரக் கூடாத அறை. ரோஹானா பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டாள்.

"பத்து நாளா தூக்கம் இல்ல. அந்த நாளையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எனக்கு ரெண்டு வாளி ஊத்தினாரு, அதோட விட்டிருக்கலாம்லா? சாஸ்திரத்துக்கு அது போதும். நான் சிரிச்சேன். இன்னும் ஊத்துப்பான்னு குதிச்சேன். அவரு மறுபடி பைப்பத் திறந்து வாளிய ரொப்பினாரு. நான் போதும்ங்கிற வரைக்கும் ஊத்தினாரு." ஒரு பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "அவரும் சிரிச்சாரு, காமினி. பொண்டாட்டி செத்த சேதி வந்த அன்னைக்கு, நான் சிரிச்சேன்னு அவரும் சிரிச்சாரு. அது விளையாட்டு இல்லன்னு எப்படிச் சொல்ற நீ?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அழுகை வந்துவிட்டது, அதுதான் உண்மை.

கோயில் குருக்களிடம் கேட்டாராம். இறந்த நாள் தெரியாவிட்டால் செய்தி கேட்ட நாளையே வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். திதி பார்க்கட்டுமா என்றதற்கு இவர், "கணக்கெல்லாம் வேணாம் சாமி, கொடி வாங்கிட்டு வந்த நாளே போதும்" என்று சொல்லிவிட்டாராம்.

டின்கள் காப்பகத்திலேயே இருக்கட்டும் என்றார். குறிப்பில் பைப்படியையும் சேர்த்து எழுத வேண்டுமாம். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்னும் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 22

நீட்டிப்புக் கடிதம் வந்தது. இன்னும் ஒரு வருடம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். சொன்னால் தனுஜா திட்டுவாள்.

ஆகஸ்ட் 30, சனி

பாகான் டாலாம் போனேன். தெரு முழுக்கக் கொடி கட்டியிருந்தார்கள், நாளைக்கு மெர்டேக்கா. அக்கா விடியற்காலையிலேயே எழுந்து சமைத்திருக்கிறார். வடை, பாயசம், கத்தரிக்காய்க் குழம்பு. "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு தெரியல. எனக்குப் பிடிச்சதையே செஞ்சேன். பெத்தவளுக்கும் அதுதானே பிடிச்சிருக்கும்?"

விளக்கேற்றுவதற்கு முன் வாசல் பைப்படிக்குப் போனார். முழங்கால் வலியோடு மெதுவாகக் குனிந்து வாளியை நிரப்பி, புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டார். ஒன்று, இன்னொன்று. போதும் அக்கா, சளி பிடிக்கும் என்று துண்டை நீட்டினேன். துண்டை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மிச்சத் தண்ணீரை அப்படியே என் மேல் வீசிவிட்டார்!

இரண்டு கிழவிகள், கார் நிறுத்துகிற இடத்தில், சொட்டச் சொட்ட. மூச்சு வாங்கும் வரை சிரித்தோம். அப்புறம் உள்ளே போய் இலை போட்டோம்.

வீடு வந்து சேரும்போதும் புடவை காயவில்லை. தனுஜா கதவைத் திறந்தவள் என் கோலத்தைப் பார்த்துப் பதறி, வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"யாரு அத்தை? எங்க சாவு?"

"சாவு இல்லம்மா," என்றேன். "விளையாடிட்டு வர்றேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.