நீ பார்த்த அருவி

கோபித்துக்கொண்டு பெர்கனுக்குப் போனவனே,

இந்தக் குளிர்கால விடுமுறைக்கும் மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு கிடக்கும் நம் ஃபியோர்டுக்குத்தான் வந்தேன். முழங்கால் வலி, பனிச்சறுக்கு முடியவில்லை. அதனால் முதல்முறையாக, அருவி பார்க்கவென்று நீ வழக்கமாகப் போகும் சுற்றுலாப் படகில் ஏறினேன். நான் மலையில் தனியாகச் சறுக்க, நீ சொகுசாக வேடிக்கை பார்க்கிறாய் என்றுதானே அத்தனை சண்டையும்?

படகோட்டி தூர்கெய்ரிடம் கேட்டேன்: "எங்க வீட்டுக்காரர் மெய்மறந்து பாத்த அருவி எதுங்க?"

"அருவியா? அவரு ஒரு நாளும் பாத்ததில்லம்மா. அதோ, அந்தச் சரிவுலயே தொலைநோக்கிய வெச்சிருப்பாரு. உங்க சிவப்புத் தொப்பி பத்திரமா கீழ வந்து சேர்ற வரைக்கும் காப்பியக்கூடத் தொடமாட்டாரு."

ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா, மடையா?

முழங்கால் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை அதே சரிவில் இறங்கப்போகிறேன். படகு பத்து மணிக்குக் கிளம்பும்.

உன்
சிவப்புத் தொப்பி