மேற்படி

அக்டோபர் 14
புயல் கடலிலேயே குந்திக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. ஒன்பதாம் நாள் மழை. காலை எட்டரைக்கு நூற்றுப்பன்னிரண்டு படி ஏறி மழைமானியைப் பார்த்தேன். 96 மி.மீ. மூன்று நாள் கூட்டுத்தொகை முந்நூற்றைத் தாண்டினால் அலுவலகத்தில் சங்கு ஊதுவார்கள். சரிவுக்குக் கீழே இருப்பவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இன்னும் தாண்டவில்லை.

வரும் வழியில் தையல்காரரிடம் சட்டைத் துணி கொடுத்தேன். அவர் வீடும் சரிவுக்குக் கீழேதான். "வயித்துக்கு ரெண்டு இஞ்ச் கூட்டியே வெட்டுறேன் சார்" என்றார். நக்கல்.

அக்டோபர் 15
98. செருப்பு அறுந்தது. முட்டி கெஞ்சுகிறது.

அக்டோபர் 16
படியெல்லாம் பாசி. ஏறவில்லை. பதிவேட்டில் நேற்றைய 98-க்குக் கீழே "மேற்படி" என்று எழுதிவிட்டேன். கூட்டினால் 292.

தையல்காரர் போன் செய்தார். "வீட்டம்மா மூட்டை கட்டி வச்சிருக்கா. கிளம்பச் சொல்லட்டுமா சார்?"

"நேத்து மாதிரிதாங்க. சும்மா அலைய வேண்டாம்."

அக்டோபர் 17
நேற்று மதியம் மூன்று மணிக்குச் சரிவு இறங்கிவிட்டது. சேறு, பாறை, மரம் எல்லாம் ஒன்றாக. கீழ்வரிசையில் ஏழு வீடு. ஆறு வீட்டார் ஓடித் தப்பிவிட்டார்கள். தையல்காரர் கடையில் இருந்தார். அந்தம்மா வீட்டில். மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தார்களாம்.

அப்புறம் படி ஏறினேன். வெட்கங்கெட்ட கால், இப்போது மட்டும் ஏறுகிறது. மழைமானிப் பாத்திரம் நிரம்பி வழிந்திருந்தது. எட்டரைக்கு மேல் பெய்ததாக இருக்கலாமே — மனசு வக்கீல் வேலை பார்க்கிறது. படி ஏறாதவன் எழுதியதாம் மேற்படி. த்தூ.

அக்டோபர் 20
துக்கம் கேட்கப் போனேன். தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க? இருக்கிறதைத்தானே எழுத முடியும்."

"ஆமாங்க" என்றேன். ஆமாவாம். இந்த வாயில மண்ணைப் போட. நானெல்லாம் ஒரு மனுஷனா?

அக்டோபர் 23
மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். "அவர்கிட்ட யாரு சொல்றது, நானா?" என்றாள்.

நவம்பர் 2
பதிவேட்டில் "மேற்படி"யை அடித்துவிட்டு "பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதிகாரி மேஜையில் வைத்தேன். நேராகத் தையல்கடை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் மெஷினை நிறுத்தவேயில்லை. துணி இல்லாமலே ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 9
வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எட்டரைக்குப் புது ஆள் படி ஏறுவது ஜன்னலில் தெரிந்தது.

மதியம் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. சட்டைத் துணி. வெட்டவில்லை. நான் கொடுத்த மடிப்பு அப்படியே இருந்தது.